பார்வைக்குப் பெரிய பெட்டி

அத்தியாயம் பதினேழு

போன வாரம் ஜெயலீலாவை கராஜில், வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால், கையில் இஞ்ச் டேப்போடு நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். வாரம் பூரா அங்கேயே நின்றிருப்பாளோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அவள் ஒரு இடத்தில் நிற்கிற ரகம் இல்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாலு வரி. டெக்சஸில் ஆலன் என்கிற ஊரில் பதினோரு வருஷமாய்க் குடித்தனம் நடத்தும் பாளையங்கோட்டைக் குடும்பம் இது. நவம்பர் பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை, பத்தே நிமிஷ மீட்டிங்கில், கணவன் ஜார்ஜின் வேலை போய்விட்டது. எச்-1 விசாக்காரனுக்கு வேலை போனால் அறுபது நாள் தவணை. அதற்குள் இன்னொரு கம்பெனி விசாவை எடுத்துக்கொண்டால் பிழைத்தான். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜனவரி பதிமூன்று கெடு. இந்த விஷயம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்று ஏற்பாடு. ஒன்பது வயது மகள் ரெபெக்காவுக்குத் தெரியாது. ஜார்ஜின் தம்பி ஃபிரெடியின் பெண்டாட்டி, பத்து நிமிஷ தூரத்தில் இருக்கிற ஜெஸ்மிக்கு மட்டும் தெரியவே கூடாது என்பது ஜெயலீலாவின் வைராக்கியம்.

இன்று சனிக்கிழமை, டிசம்பர் இருபது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஆலன் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்தின் கிறிஸ்மஸ் ட்ரீ விழா.

இந்தக் கிறிஸ்மஸ் ட்ரீயில் ஒரு கூத்து உண்டு. பிள்ளைகளுக்கு கிறிஸ்மஸ் தாத்தா மேடையில் பேர் சொல்லிக் கூப்பிட்டு பரிசு கொடுப்பார். பரிசு வாங்குவது அவரவர் அப்பா அம்மாதான். பேப்பர் சுற்றி, பேர் எழுதி, திருட்டுத்தனமாய்க் கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட வேண்டும். பிள்ளைகளைத் தவிர ஹாலில் இருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். அதனால் பெட்டியின் சைசைப் பார்த்தே யார் வீட்டில் என்ன நிலவரம் என்று அளந்துவிடுவார்கள். சர்க்கார் சர்வேயர் தோற்றான்.

போன வருஷம் ஜெயலீலா கெட்டிக்காரத்தனமாய் மிருகக்காட்சி சாலைக்கு ஒரு வருஷ பாஸ் வாங்கி ஒரு கவரில் போட்டு வைத்தாள். வீட்டில் குப்பை சேராது, பிள்ளைக்கும் அறிவு வளரும். ஊரில் காலேஜில் விலங்கியல் நடத்தியவளுக்கு வேறெப்படித் தோன்றும்? ஆனால் ரெபெக்காவுக்கு முன்னால் மேடைக்குக் கூப்பிட்டது ஜெஸ்மியின் மகன் கிரிஸை. அவனுக்கு ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி ஜீப், பேப்பர் சுற்ற முடியாமல் ரிப்பன் மட்டும் கட்டியது. மேடையிலேயே ஒரு ரவுண்டு ஓட்டினான். அடுத்து ரெபெக்கா போனாள். "ஐயோ பாவம், கவரா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார் விழாவை நடத்துகிற சாந்தாமணி ஆன்ட்டி. பிள்ளை அந்தக் கவரை ஃப்ராக்குக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இறங்கி வந்தது. அதை நினைத்தால் ஜெயலீலாவுக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

அந்த ஜீப் மூன்றே நாள்தான் ஓடியது. இப்போது அதன்மேல் ஈர டவல் காய்கிறது. ஜெஸ்மி வீட்டு கராஜில் கார் நின்று நாலு வருஷம் ஆகிறது. சறுக்குமரம், காற்றுப்போன நீச்சல் குளம், கால் உடைந்த குதிரை, பிரிக்கவே பிரிக்காத எட்டுப் பெட்டி. 'பெரம்பூர்க்காரிக்கு வாங்கத் தெரியும், வைக்கத் தெரியாது' என்பது ஜெயலீலாவின் தீர்ப்பு. அதற்கு அப்பீல் கிடையாது.

ஆகவே இந்த வருஷத்துப் பரிசு பார்க்கப் பெரிதாய் இருக்க வேண்டும். வீட்டை அடைக்கக் கூடாது. மூன்றாவதாக ஒரு நிபந்தனை, வெளியே சொல்ல முடியாதது: தேவைப்பட்டால் சூட்கேஸில் போக வேண்டும்.

பத்து நாள் தேடி அவள் கண்டுபிடித்தது ஒரு பட்டம். ஆக்டோபஸ் பட்டம். எட்டுக் காலும் விரித்தால் முப்பது அடி. மடித்தால் ஒரு தலையணை உறைக்குள் அடங்கிவிடும். டெக்சஸ் காற்றுக்கும் பறக்கும், தாமிரபரணிக் கரைக் காற்றுக்கும் பறக்கும். அதைப் பெரிய பெட்டியில் போட்டு, மிச்ச இடத்துக்கு பலூன் ஊதி அடைத்துவிட்டால் முடிந்தது.

பெட்டிக்குத்தான் இஞ்ச் டேப்போடு கராஜில் அலைந்தது. டிவி பெட்டி தட்டை. மைக்ரோவேவ் பெட்டி குட்டை. கடைசியில் வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால் கை போனது. அங்கே மடித்து வைத்திருந்த பன்னிரண்டு புது அட்டைப்பெட்டிகள், இந்தியாவுக்குக் கப்பலில் சாமான் அனுப்புகிற கம்பெனி கொடுத்தவை. வியாழக்கிழமை ஜார்ஜ் கொண்டுவந்து இறக்கினான். "ஒரு சேஃப்டிக்குத்தான் ஜெயா" என்றான். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் அவனே தூக்கி அங்கே ஒளித்து வைத்தான்.

"இந்தப் பெட்டியா?" என்றான் ஜார்ஜ், காலையில் அவள் டேப் ஒட்டுவதைப் பார்த்து. "நாலு பக்கமும் கப்பல் படம் போட்டிருக்கே."

"பேப்பர் சுத்தப் போறேம்லா? பேப்பருக்குள்ள கப்பல் இருந்தா என்ன, கழுதை இருந்தா என்ன?"

"பிரிச்சா தெரியுமே."

"பிரிக்கது நம்ம வீட்டு ஹால்ல. வருஷா வருஷம் வீட்டுக்கு வந்துதானே பிரிக்கோம்? பிரிச்ச உடனே மடிச்சு இருந்த இடத்துலயே வெச்சிருவேன். ஒரு துண்டு அட்டை வேஸ்ட் கிடையாது. உங்க தம்பி பெண்டாட்டிக்கு இந்த மூளை செத்தாலும் வராது."

"சரி, பாத்துக்கிடலாம்" என்றான் ஜார்ஜ்.

பதினோரு வருஷத்தில் ஜார்ஜ் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை அதுதான். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணும்போதும் பாத்துக்கிடலாம். டீமில் பாதிப் பேரைத் தூக்கும்போதும் பாத்துக்கிடலாம். வேலை போன அன்றைக்கு மடியில் லேப்டாப் இல்லாமல் சோபாவில் உட்கார்ந்துகொண்டும் அதையே சொன்னான். எதைப் பார்த்தான், எதைக் கொண்டான் என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். போதாக்குறைக்கு இந்த வருஷம் கிறிஸ்மஸ் தாத்தா வேஷமும் அவன் தலையில் விழுந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷன்.

மத்தியானம் ஒன்றரைக்கே ஹாலுக்குப் போய்ப் பெட்டியை மரத்தடியில் வைத்தாள். தங்க நிற பேப்பர், சிவப்பு ரிப்பன், மூலை எல்லாம் கத்தி மாதிரி மடிப்பு. சுற்றி இருந்த பொட்டலங்களைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். ஒன்றில் டேப் பல்லைக் காட்டியது. இன்னொன்றில் விலை லேபிளைக்கூடக் கிழிக்கவில்லை. அமெரிக்கா வந்து என்ன, அண்டார்டிகா போய் என்ன, நறுவிசு என்பது பிறப்பிலேயே வர வேண்டும்.

ஜெஸ்மி குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, எட்டு வயது மகன் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி மான் படம் போட்ட ஸ்வெட்டர். மானின் மூக்கில் நிஜமாகவே ஒரு சிவப்பு லைட் எரிந்தது. கர்மம், கர்மம். ஃபிரெடி பின்வாசல் வழியாக ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். மதினியைப் பார்த்ததும் லேசாய்த் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச நாளாகவே அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெண்டாட்டி சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று ஜெயலீலா நினைத்துக்கொண்டாள்.

"அக்கா! இது உங்களுதா? எம்மாம் பெரிசு!" ஜெஸ்மி பெட்டியைச் சுற்றி வந்தாள். "உள்ள என்ன?"

"பிரிச்சா தெரியும்."

"உள்ள ஒரு கவர் இல்லையே?" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "சும்மா ஜோக்கு அக்கா. நாங்க கிரிஸுக்கு டிரம் செட் வாங்கிட்டோம். அஞ்சு டிரம்மு, ரெண்டு தாளம்."

"வைக்க இடம் இருக்கா?"

"இடம் கிடக்குது விடுங்க. பையன் கேட்டான்."

கேட்டான், வாங்கினாள். அவ்வளவுதான் அவள் வேதாந்தம். ஜெயலீலா கண்ணாலேயே இரண்டு பெட்டிகளையும் அளந்தாள். தங்கப் பெட்டி இரண்டு இஞ்ச் உயரம் கூடுதல். வேலை போனதிலிருந்து முதல்முறையாக அவளுக்கு மூச்சு முட்டாமல் இருந்தது.

பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, பிள்ளைகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு மேய்ப்பர்களாய் நடித்ததும் முடிந்தது. சாந்தாமணி ஆன்ட்டி மைக்கைப் பிடித்தார். முப்பது வருஷமாய் இந்த ஐக்கியத்தின் மைக்கை வேறு யாரும் பிடித்ததில்லை.

"இந்த வருஷம் ஒரு சின்ன சேஞ்ச். பிள்ளைங்க எல்லாரும் கிஃப்டை ஸ்டேஜிலேயே ஓப்பன் பண்ணணும். திறந்ததும் முகத்துல ஒரு ஜாய் வரும் பாருங்க, அதைத்தான் போட்டோ எடுக்கணும். போன வருஷம் எல்லா போட்டோவிலயும் வெறும் பேப்பர்தான் இருக்கு!"

எல்லாரும் கை தட்டினார்கள். ஜெயலீலாவின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

அந்தக் கப்பலைத் தெரியாத தமிழ்க் குடும்பம் ஆலனில் கிடையாது. நீலக் கப்பல், கீழே 'இந்தியா, டோர் டு டோர்' என்று கொட்டை எழுத்து. யாருக்காவது விசா போய்விட்டால் அவர்கள் வீட்டு டிரைவ்வேயில் இந்தப் பெட்டிகள்தான் வந்து அடுக்கி நிற்கும். எழவு வீட்டு வாசலில் பந்தல் பார்த்த மாதிரி, காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள். அன்று சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் சுற்றிவிடும். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா?

எழுந்து ஆன்ட்டியிடம் போனாள்.

"ஆன்ட்டி, எங்க பெட்டியை மட்டும் வீட்டுல போய் பிரிச்சுக்கிடுதோமே."

"ஏன்மா?"

"ரொம்பப் பெரிசு. மேடையில குப்பையாயிடும்."

ஆன்ட்டி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன், உள்ள ஒண்ணும் இல்லியா?"

அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் அதுவே செய்தியாகிவிடும். பேசாமல் மேடைக்குப் பின்னால் போனாள். அங்கே ஜார்ஜ் வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு, சிவப்பு அங்கியில், ஊரிலிருந்து வரவழைத்த ரோஸ் கலர் பிளாஸ்டிக் முகமூடியோடு நின்றுகொண்டிருந்தான். பஞ்சுத் தாடி ஒரு பக்கம் தொங்கியது.

"பெட்டியை இங்கயே பிரிக்கச் சொல்லுதாங்க. கேட்டீங்களா?"

"கேட்டேன்." முகமூடிக்குள்ளிருந்து குரல் வாளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"என்ன செய்யப் போறீங்க?"

"பாத்துக்கிடலாம்."

முகமூடியோடு சேர்த்து ஒரு அறை விட்டால் என்ன என்று தோன்றியது. அடக்கிக்கொண்டாள். "ரெபெக்கா பேரைக் கடைசியா கூப்பிடுங்க. மூணரைக்கு பிரியாணி வந்துரும். வாசனை வந்துட்டா ஒருத்தன் சீட்ல இருக்க மாட்டான். அந்த நேரத்துல பிரிச்சா யார் பாக்கப் போறா?"

முகமூடி தலையாட்டியது. நல்ல யோசனைதான். மட்டன் பிரியாணி வந்து இறங்கிவிட்டால், மேடையில் யார் நின்றாலும் நம் ஜனங்கள் கண்ணுக்குத் தெரியாது என்பது ஜெயலீலாவுக்கு அனுபவ பாடம்.

ஆனால் பிரியாணி வரவில்லை. ஃப்ரீவேயில் ஆக்சிடென்ட், வண்டி ஒரு அடி நகரவில்லை என்று கேட்டரிங்காரர் போன் பண்ணினார். ஒவ்வொரு பிள்ளையாய்ப் போனது, பிரித்தது, ஜாய் காட்டியது, இறங்கியது. கிரிஸ் டிரம்மைப் பிரித்த கையோடு நாலு அடி அடித்தான். ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. மணி மூன்றே முக்கால். நாற்பது குடும்பம் பசியோடு, போவதற்கு வேறு இடமில்லாமல், மேடையையே வெறித்துக்கொண்டிருந்தது. மரத்தடியில் மிச்சமிருந்தது தங்கப் பெட்டி ஒன்றுதான். கடைசியாகக் கூப்பிடச் சொன்ன புத்திசாலித்தனத்தால் அதற்கு ராஜ மரியாதை கிடைத்துவிட்டது.

"ரெபெக்கா ஜார்ஜ்!" என்றது முகமூடி.

பிள்ளை ஓடியது. பெட்டி அவள் கழுத்து உயரம். "மாம், இட்ஸ் ஹ்யூஜ்!" என்று ஹாலைப் பார்த்துக் கத்தினாள். போன வருஷத்துக் கவருக்குச் சேர்த்து வைத்துக் கத்திய மாதிரி இருந்தது. கை தட்டினார்கள். ஜார்ஜ் அவசரமாய் முன்னால் வந்து, மேல் மூடியை மட்டும் திறக்கப் பார்த்தான். "டாட்... ஐ மீன், சான்டா, லெட் மீ!" என்று சொல்லிவிட்டு ரெபெக்கா பேப்பரின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாய் இழுத்தாள்.

முன்பக்கம் முழுக்கக் கிழிந்தது. நீலக் கப்பல் நின்றது.

கை தட்டல் பாதியில் நின்றுபோனது. பசியில் அனத்திக்கொண்டிருந்த பிள்ளைகூட வாயை மூடிக்கொண்டது. முன் வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் தொடையைக் கிள்ளினாள். "ஐயோ, எப்போ?" என்று யாரோ கேட்டது நன்றாகவே கேட்டது. ஹாலில் இருந்த அத்தனை கண்களும் கப்பலிலிருந்து ஜெயலீலாவுக்குத் திரும்பின. கிறிஸ்மஸ் தாத்தா கையில் ரிப்பனோடு அப்படியே நின்றான். ஒரு மாதத்துக்கு மேலாய் ஜெயலீலா பல்லைக் கடித்துக் காத்த மானம், தன் கையாலேயே டேப் ஒட்டி, ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து வைத்த மானம், இதோ போகிறது.

"ஏ அக்கா! நம்ம வீட்டுப் பெட்டி!"

ஜெஸ்மிதான். எழுந்து நின்றுகொண்டாள். மான் மூக்கு எரிந்தது.

"எங்க அம்மா அப்பா செப்டம்பர்ல ஊருக்குப் போறப்ப சாமான் அனுப்ப வாங்கினது. அஞ்சாறு மிச்சம். கராஜ்ல கால் வைக்க இடமில்ல, ஒண்ணாவது எடுத்துட்டுப் போங்கக்கான்னு நாந்தான் இவங்க தலையில கட்டினேன். அதுக்கு இப்படி தங்க பேப்பரா! நானும் உள்ள என்னமோ டிவி இருக்குன்னுல்ல நினைச்சேன்!"

சாந்தாமணி ஆன்ட்டி மைக்கில் சிரித்தார். "ஜெஸ்மி, உன் கராஜ்ல பெட்டி என்ன, ஆளே காணாமப் போனாலும் தேட முடியாதும்மா!"

ஹால் மொத்தமும் சிரித்தது. நம்பாமல் என்ன? ஜெஸ்மி வீட்டு கராஜில் எது கிடந்தது என்று சொன்னாலும் ஆலனில் நம்புவார்கள். அந்தக் குப்பைக்கு அப்படி ஒரு பேர்.

ரெபெக்காவுக்கு இதெல்லாம் காதிலேயே விழவில்லை. பலூன்களை வெளியே எறிந்துவிட்டு பட்டத்தை உருவினாள். ஆரஞ்சும் ஊதாவுமாய் எட்டுக் கால்கள் வந்துகொண்டே இருந்தன. பிள்ளைகள் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு ஹாலைச் சுற்றி ஓடினார்கள். டிரம்மைப் போட்டுவிட்டு கிரிஸும் ஓடினான். அன்றைக்கு வந்த பரிசுகளிலேயே அதுதான் பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள். பத்து நாள் தேடிய வெற்றியை ருசிக்க ஜெயலீலாவுக்கு நாக்குதான் வறண்டு கிடந்தது.

எழுந்து கிச்சனுக்குப் போனாள். பேப்பர் தட்டுகளை எடுத்து எண்ணுகிற மாதிரி நின்றாள். யார் வரக்கூடாது என்று நினைத்தாளோ அவள்தான் பின்னாலேயே வந்தாள். கையில் கேக் தட்டு.

"எத்தனை நாள் பாக்கி அக்கா?"

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எப்போது போச்சு என்றும் கேட்கவில்லை. பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள் ஜெயலீலா. "இருபத்தி நாலு" என்று வந்துவிட்டது.

"ம்." ஜெஸ்மி கேக்கைத் துண்டு போட ஆரம்பித்தாள். கத்தி கோணலாய்ப் போனது. ஒரு துண்டு பெரிது, ஒன்று சிறிது. அந்த நிலைமையிலும் ஜெயலீலாவுக்கு அது கண்ணை உறுத்தியது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வேலை போன மறுநாளே. அத்தான் ஃபிரெடிக்கு போன் பண்ணி அழுதாரு."

"அழுதாரா?"

"உங்க முன்னாடி அழ முடியாதுன்னாரு."

ஜெயலீலா தட்டுகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். வெளியே பிள்ளைகள் கூச்சல்.

"ஃபிரெடி டீம்ல ஒரு இடம் காலியா இருக்கு. அன்னிக்கே கூப்பிட்டாரு. விசாவையும் உடனே எடுத்துக்கறோம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. அத்தான்தான் வேணாம்னுட்டாரு."

"வேண்டாம்னாரா? எதுக்கு?"

ஜெஸ்மி கத்தியை வைத்தாள். முதல்முறையாக நேரே பார்த்தாள்.

"'ஜெயா உங்க வீட்டுல ஒரு வாய் காபி குடிக்க மாட்டா, உங்க வீட்டு வேலையில வர்ற சோத்தைத் தின்பாளா? அதைச் சொல்லிக் காட்டியே என்னைக் கொன்னுடுவா'ன்னாரு. நான் ஸ்பீக்கர்ல கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

பாத்துக்கிடலாம், பாத்துக்கிடலாம் என்று அந்த மனுஷன் சோபாவில் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஜெயலீலாவுக்கு இப்போது தெரிந்தது. வேலையில்லாத திண்டாட்டமும் இல்லை, விசா ஆபீஸும் இல்லை. அவள்தான் வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், பதினோரு வருஷமாய் உதட்டைச் சுழித்த அந்த முகத்தோடு. வெட்கம் காது வரைக்கும் ஏறியது.

"நான் ஒண்ணும் நல்லவ இல்லக்கா" என்றாள் ஜெஸ்மி. "நீங்க என்னை எப்படிப் பாக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். பெரம்பூர்க்காரின்னு நீங்க சொல்றதும் என் காதுக்கு வந்துருக்கு. நீங்க ஊரைப் பார்த்துப் போனா எனக்கு நிம்மதின்னு ரெண்டு நாள் நினைச்சேன். அப்புறம் யோசிச்சா, நீங்க போயிட்டா நான் யாருக்குக் காட்டறதுக்கு இதெல்லாம் வாங்கறது?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஜெயலீலா ஒரு பேப்பர் தட்டை நாலாய் மடித்தாள்.

"திங்கக்கிழமை காலையில ஃபிரெடி வேற ஆளுக்கு ஆஃபர் லெட்டர் அனுப்பிடுவாரு. இதுக்கு மேல நிறுத்தி வைக்க முடியாதுன்னு மேலே சொல்லிட்டாங்களாம். இன்னொரு வாட்டி அத்தானைக் கூப்பிட மாட்டேங்கறாரு. அவருக்கும் ரோஷம் இருக்குல்ல?" கேக் தட்டைத் தூக்கிக்கொண்டாள். "நீங்க கேளுங்க. அத்தான் இல்ல, நீங்க. எங்க வீட்டுக்கு வந்து, உங்க வாயால, ஃபிரெடிகிட்ட. நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் காபி போட்டு வைக்கறேன். வந்தா வாங்க."

சொல்லிவிட்டுக் கதவைத் தோளால் தள்ளினாள். வெளியிலிருந்து பிரியாணி வாசனை அடித்தது. வண்டி வந்துவிட்டது போலிருக்கிறது. நாற்காலிகள் இழுபடும் சத்தம். அந்தச் சந்தடிக்கு நடுவில் முகமூடியைக் கழற்றிய ஜார்ஜ், தலையணை வயிற்றோடு, கிழிந்த தங்க பேப்பரைக் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். முகம் வேர்த்து, சிவந்து, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவன் பெண்டாட்டிக்கு இத்தனை நாள் அந்த முகத்தைப் பார்த்தால் எரிச்சல்தான் வந்திருக்கிறது.

"ஜெஸ்மி."

கதவில் நின்றாள் அவள்.

நன்றி என்று ஒரு வார்த்தை உண்டு. அதை ஜெயலீலா படித்தவள்தான், மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள்தான். வரவில்லை.

"உன் காபி பாயசம் மாதிரி இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள். "எனக்கு சீனி அரை ஸ்பூன் போதும்."